வாணலியில் மிதந்த கொழுப்பு

எல்க் மானின் கறி வாணலியில் கொழுப்பு விடாது. ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத்தான் அதைப் புரட்ட வேண்டும். இல்லையென்றால் அடிப்பிடித்து, கிண்டக் கிண்ட மரத்தூள் மாதிரி உதிர்ந்துபோகும். நோரீன் வழக்கம்போல எண்ணெய் விட்டாள். வெங்காயம் வதங்கியதும் கொத்துக்கறியைப் போட்டுக் கிளறிவிட்டு, ஊறவைத்த பீன்ஸை வடிகட்டத் தொட்டிப் பக்கம் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் சத்தம் மாறியது. எல்க் கறி வேகும்போது முணுமுணுக்கும். இது படபடவென்று பொரிந்தது. திரும்பிப் பார்த்தாள். கறி மிதந்துகொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்து வாணலியை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். தாழ்ந்த பக்கத்தில் மஞ்சளாக, தெளிவாக, ஒரு சின்னக் குட்டையே சேர்ந்தது. ஜூலை மாதத்தில் கணவனின் அண்ணன் வெர்ன் வீட்டுப் பின்புறத்திலிருந்து வருகிற வாசனை, மாட்டுக் கொழுப்பு தீயில் சொட்டுகிற அந்த வாசனை, அவளுடைய சமையலறையில் எழுந்தது.

“என்ன நோர், வாசனை தூக்குதே!” கூடத்திலிருந்து அவள் கணவன் எல்டன் குரல் கொடுத்தான். “இன்னிக்கு என்ன விசேஷம்?”

மே மாதத்தில் மாரடைப்பு வந்ததற்குப் பிறகு அவன் அடுப்படியிலிருந்து என்ன வாசனை வருகிறது என்று கேட்டதே இல்லை. தட்டில் வைத்ததைத் தின்பான். தாடை ஓயுமட்டும் மெல்லுவான். “நல்லா இருக்கு” என்பான். எழுந்து போய்விடுவான். இன்று கேட்டுவிட்டான். அவள் வாணலியைச் சாய்த்தபடியே நின்றாள். டிவியின் சத்தம் குறைந்தது. பிறகு முழுதாக நின்றது. அந்த அமைதிதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னது. கறியில் ஏதோ தவறிப்போய்விட்டது என்று அதுவரை நினைத்திருந்தாள். தவறிப்போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு இது என்னவென்று தெரியும்.

அடுப்பை அணைத்தாள். குப்பைக்கூடையிலிருந்து பொட்டலம் சுற்றியிருந்த காகிதத்தை எடுத்தாள். கறி சுற்றுகிற தடித்த வெள்ளைக் காகிதம். அதன் மேல் கறுப்பு மையில் அவளுடைய கையெழுத்து: எல்க், கொத்தியது, கொழுப்பு இல்லை. ‘இல்லை’க்குக் கீழே ஒரு கோடு வேறு இழுத்திருந்தாள்.

அந்தக் கோடு அவளுக்கு நினைவிருந்தது. நவம்பர் கடைசியில், எல்டனுடைய அண்ணன் வெர்னின் கொட்டகையில் போட்ட கோடு. இந்தப் பள்ளத்தாக்கில் பெரிய கறி அரைக்கும் இயந்திரம் வைத்திருப்பவன் அவன்தான். தொடையையும் முதுகுத் தசையையும் அவளே வீட்டில் வெட்டி எடுத்துவிட்டாள். கழுத்து, தோள், விலாவோரத் துண்டுகள் எல்லாம் அரைப்பதற்கு. அவள் ஓட்டுகிற பள்ளிக்கூடப் பஸ்ஸை மதியம் எடுக்க வேண்டியிருந்ததால் அவளால் கூட நிற்க முடியவில்லை. “ஒரு துளி கொழுப்பு சேரக் கூடாது வெர்ன். பன்னியும் வேணாம், மாடும் வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். “உத்தரவு வார்டன்!” என்று அவன் நெற்றியில் கைவைத்து சல்யூட் அடித்தான். எல்டன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து, வேட்டைச் சட்டத்தைக் காவல் காக்கிற அதிகாரியின் அந்தப் பட்டம்தான் அவளுக்குப் பெயர். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது பொட்டலங்கள் எல்லாம் கட்டி முடித்து, செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து அவள் ஒவ்வொன்றிலும் எழுதினாள். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் நின்றார்கள். எல்டன் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துக் கொடுத்தான். நடுவில் மை காய்ந்துபோனது; வெர்ன் சட்டைப் பையிலிருந்து வேறொரு பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, நீட்டினான். அவள் நன்றி சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு, கொழுப்பு இல்லை, கொழுப்பு இல்லை என்று இருட்டும் வரை எழுதினாள். இரண்டு ஆண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் கோபக்காரி இல்லை. அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள், அவளும் நம்பியிருந்தாள். கோபம் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வது அவள் வழக்கம். இப்போது கையில் இருந்த வேலையே கோபத்துக்குக் காரணமாக இருந்தது.

காகிதத்தோடு கூடத்துக்குப் போனாள். எல்டன் ஜன்னலோர நாற்காலியில் ரிமோட்டைப் பிடித்தபடி, அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரு கலந்தது?”

“நோர்…”

“யாருன்னு கேட்டேன்.”

“வெர்ன்தான். அவனைத்தான் உனக்குத் தெரியுமே.” அவன் அவளைப் பார்க்கவில்லை. “எல்லாரும் கலக்கறதுதான். வெறும் எல்க்கை அரைச்சா ஒட்டாது. கையில எடுத்தாலே உதிருது.”

“நீ அங்கதானே நின்னே?”

“நின்னேன்.”

“நான் எழுதறப்பவும் நின்னே.”

அவன் ரிமோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

“எல்லாத்துலயுமா?”

“இல்ல. முதல்ல அரைச்சது சுத்தம். அதைத்தான் மேல அடுக்கினேன். ஒண்ணு ரெண்டு மாறிப்போச்சு போல. அடில இருக்கறது வர்றதுக்குள்ள உன்கிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்.”

மேல அடுக்கினேன். அன்று ஃப்ரீசரில் அடுக்குவதற்கு அவன்தான் முன்வந்தான். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று அவள் தடுத்தபோது, “ஒவ்வொண்ணா எடுத்து வெக்கறேன் நோர், இதையாவது செய்யறேனே” என்றான். அந்த ‘இதையாவது’வைக் கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குள் வந்து, குழாயைத் திறந்துவிட்டு, அழுதாள். பழைய எல்டன் திரும்பி வருகிறான் என்று நினைத்து அழுதாள். அவனோ அந்த நேரத்தில் கராஜில் நின்று, பொய்யை அடியிலும் உண்மையை மேலேயும் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“பிப்ரவரி வந்துடுச்சு எல்டன்” என்றாள்.

சமையலறைக்குப் போய், வாணலியை மூடி, துண்டைச் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்து ட்ரக்கில் பக்கத்து இருக்கையில் வைத்தாள். கதவைச் சாத்தியபோது கண்ணாடி அதிர்ந்தது.

வெர்ன் வீட்டுக்குப் போகும் பாதை ஆற்றை ஒட்டியே போகிறது. காற்று வயல்களிலிருந்து பனியை வாரிச் சாலையின் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரப் பாதை முழுக்க ட்ரக்கின் ஹீட்டர் சூடாகவே இல்லை. அவள் கண்ணுக்கு முன்னால் அந்த எல்க் நின்றது. மலைச்சரிவில், விடிந்து கொஞ்ச நேரத்தில், ஒரு மந்தையே மேய்ந்துகொண்டிருந்தது. ஓரமாக ஒரு காளை, தலைக்கு மேல் மரம் முளைத்த மாதிரிக் கொம்போடு, அவளுக்குப் பக்கவாட்டில் அசையாமல் நின்றது. இந்த ஊரில் எந்த ஆணும் அதைத்தான் சுட்டிருப்பான். எல்டனும் சுட்டிருப்பான். ஆனால் இணை சேரும் பருவம் முழுக்கச் சண்டை போட்டு, பட்டினி கிடந்து, ஓடி ஓடி இறுகிய காளையின் கறி நெடியடிக்கும், ரப்பர் மாதிரி இழுக்கும். அவள் துப்பாக்கியை நகர்த்தினாள். கன்று கூட இல்லாத ஓர் இளம் கிடாரி, புல் தின்று புட்டம் உருண்டது, கொஞ்சம் தள்ளி நின்றது. குளிர்காலம் முழுக்க ஒரு மனிதனின் இதயத்துக்கு எது நல்லதோ அதைப் பார்த்துச் சுட்டாள். எல்டன் கீழே, பாதை முடிகிற இடத்தில், ட்ரக்கில் ரேடியோ கேட்டபடி உட்கார்ந்திருந்தான். ஏற முடியாது. சட்டைக் கையெல்லாம் ரத்தத்தோடு அவள் இறங்கி வந்தபோது எட்டிப் பார்த்து, “நல்லா இருக்கு” என்றான். அப்புறம் தீவனக் கடையிலும் தேவாலயத்திலும் எல்லோரும் அதை ‘எல்டனோட எல்க்’ என்றார்கள். அவன் யாரையும் திருத்தவில்லை. அவளும் திருத்தவில்லை. நோயாளி, போகட்டும் என்று விட்டாள்.

அப்படி விட்டவை எத்தனை என்று யோசித்துக்கொண்டே வெர்ன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

வெர்னும் அவன் மனைவி டீனாவும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். வெர்ன் வாயில் ரொட்டியோடு கையை விரித்தான்.

“வார்டன் வந்தாச்சு! டீனா, இன்னொரு தட்டு எடு. எங்க மேல என்ன கேஸு?”

நோரீன் வாணலியை மேசை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். வண்டிக் குளிரில் கொழுப்பு இறுகி, கறிக்கு மேல் வெள்ளையாக ஓர் ஏடு படிந்திருந்தது. மெழுகுவர்த்தி ஊற்றின மாதிரி.

“இது என்ன?” என்றாள்.

“கொழுப்பு. பார்த்தா தெரியல?”

“யாரோட கொழுப்பு?”

வெர்ன் சிரித்தான். “மாட்டோடது. நானே வளர்த்த மாடு. ஊசி கீசி எதுவும் போடல.”

“நான் மாட்டைக் கேக்கல வெர்ன்.”

சிரிப்பு அவன் முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கி, பிறகு போனது. ரொட்டியைத் தட்டில் போட்டான்.

“சரி. எனக்குத்தான் கொழுப்பு. வெச்சுக்கோ. ஆனா அந்த மலைலேர்ந்து ரெண்டு பின்னந்தொடையையும் முதுகுல சுமந்து இறக்கினது யாரு? முழங்கால் ஆழப் பனில? ஒரு கொம்பு கூட இல்லாத கிடாரிக்காக என் இடுப்பு போச்சு. இதுக்கு ஏன் மலை ஏறணும், என் பட்டில ஒரு கன்னுக்குட்டி நிக்குதுன்னு அப்பவே சொன்னேன்.”

“நான் கொம்பைத் திங்கறதில்ல.”

“எங்கப்பா கடைசி வரைக்கும் பன்னிக்கொழுப்புல பொரிச்ச முட்டை தின்னாரு. தெரியுமா?”

“உங்கப்பா நெஞ்சுக்குள்ள யாரும் கம்பி வெக்கல. உன் தம்பிக்கு வெச்சிருக்கு.”

“ஒரு தரம் கொஞ்சம் கொழுப்பு தின்னா செத்துடுவானா? நீதான் அவனை…”

“வெர்ன், போதும்” என்றாள் டீனா. அதுவரை அவள் வாணலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “யாரு கொட்டினதுன்னு சொல்லிடு.”

“நீ சும்மா இரு.”

“நான் எதுக்கு சும்மா இருக்கணும்? இது எத்தனை நாளா என் வயித்துல கிடக்கு!” அவள் நோரீன் பக்கம் திரும்பினாள். “நான் அன்னிக்கு இவங்களுக்குக் காப்பி எடுத்துட்டுப் போனேன். பாதி அரைச்சிருந்தாங்க. சுத்தமாத்தான் அரைச்சாங்க, நீ சொன்ன மாதிரியே. எப்பவும் போல ருசி பார்க்க ஒண்ணு தட்டி, ஸ்டவ்ல போட்டு எடுத்தாங்க. எல்டன் வாயில போட்டான். மென்னான், மென்னான், முழுங்கவே இல்ல. அப்புறம் போய் இவரோட கொழுப்பு டப்பாவை அவனே தூக்கிட்டு வந்து கவுத்தான்.”

“நான் வேணாம்னேன்” என்றான் வெர்ன். குரல் இறங்கியிருந்தது. “டேய், அவ நம்மளக் கொன்னுடுவான்னேன். சிரிப்பான்னு பார்த்தேன். சிரிக்கல.”

“என்ன சொன்னான்?”

வெர்ன் டீனாவைப் பார்த்தான். டீனா தலையை ஆட்டினாள்.

“‘இதைத் தின்னுக்கிட்டு இன்னும் இருபது வருஷமா?’ன்னான். அவ்ளோதான். வேற எதுவும் சொல்லல. கறியைப் பத்தித்தான் சொன்னான் நோரீன்.”

மேசை மேல் டீனாவின் காப்பியில் ஆவி வந்துகொண்டிருந்தது. நோரீன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெர்ன் மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. அவனோடு முப்பது வருடமாகச் சண்டை போட்டுப் பழக்கம். அந்தச் சண்டைக்கு ஒரு தாளம் உண்டு, முடிவில் ஒரு துண்டு கேக் உண்டு. இப்போது அந்தக் கோபத்தை அவனிடமிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. வைக்கிற இடம் தாங்குமா என்று தெரியவில்லை.

வாணலியை அங்கேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலிருந்து வெர்ன் சமாதானம் போல ஒரு வேடிக்கையை எறிந்து பார்த்தான்.

“மீதியைத் தூக்கிப் போட்டுடாதே! வேட்டைக் கறியை வீணாக்கினா நிஜமான வேட்டை வார்டனே வந்துடுவான்!”

அவள் திரும்பினாள். “வீணாக்க மாட்டேன். விக்கவும் கூடாது, எறியவும் கூடாது, எனக்குத் தெரியும். உன் வாசல்லதான் வந்து இறங்கும். நீ தின்னு.”

அன்று மதியம் பஸ்ஸில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஒரு கையுறை அவள் தலைக்கு மேல் பறந்து முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே பின்னால் ஒவ்வொரு வரிசையாகச் சத்தம் அடங்கியது. இருபது வருஷமா. கறியைப் பற்றித்தான் சொன்னான் என்றான் வெர்ன். அந்தக் கறியை வெட்டியது யார்? கராஜில் துணி சுற்றித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் குளிர் சரியாக இருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தது யார்? எல்க்கின் சொந்தக் கொழுப்பு அண்ணத்தில் ஒட்டும், சீக்கிரம் சிக்கு வாடையடிக்கும் என்று அதை ஒரு நூல் விடாமல் வழித்தது, தசை மேல் வெள்ளி மாதிரி மின்னுகிற சவ்வைக் கத்தி நுனியால் உரித்தது, காற்றுப் புகாமல் இரண்டு சுற்றுச் சுற்றியது? ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து நிதானமாக உருகவிட்டு, உள்ளே சிவப்பு மாறுவதற்குள் அடுப்பிலிருந்து இறக்கி, முழங்கால் கறியென்றால் தக்காளியும் கேரட்டுமாகப் பகல் முழுக்க மெல்ல வேகவைத்து, உப்புக்குப் பதில் பூண்டும் மிளகும் போட்டு… அந்தக் கறிக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது எந்த இடத்தில் கோடு போடுவது?

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் இதுவரை தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அவளுக்குக் கொழுப்பு பிடிக்கும். விலா வறுவலின் ஓரத்தில் கருகிச் சுருண்டிருக்கும் கொழுப்பைக் கல்யாணமான புதிதில் எல்டன் தன் தட்டிலிருந்து வெட்டி அவள் தட்டில் வைப்பான். மே மாதத்திலிருந்து அவளும் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதில்லை. அவன் எதிரில் தான் மட்டும் எப்படித் தின்பது என்று விட்டுவிட்டாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் பின் குத்திக்கொள்கிறாள். அவன் அதைப் பார்த்திருப்பானா? பார்த்து, அதற்கும் ‘நல்லா இருக்கு’ என்று மனசுக்குள் சொல்லியிருப்பானா? அந்த மரத்தூளை அவளும்தான் மென்றாள். இன்னும் இருபது வருடம் மெல்லத் தயாராக இருந்தாள். யாரும் அவளை ருசி பார்க்கக் கூப்பிடவில்லை.

கடைசிப் பையனை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. நேராகக் கராஜுக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். பொட்டலங்களை வாரி வாரி வெளியே கொண்டுவந்து, ட்ரக்குக்குப் பக்கத்தில் பனி மேல் போட்டாள். வெளியே இருந்த குளிருக்கு ஃப்ரீசர் தேவையே இல்லை. மங்கலான வெளிச்சத்தில் வெள்ளைப் பனி மேல் வெள்ளைப் பொட்டலங்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. எது சுத்தம், எது கலப்பு என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. அவள் கையெழுத்தை அவளே நம்ப முடியாது. மண்டியிட்டு உட்கார்ந்து, கத்தியால் முதல் பொட்டலத்தின் மூலையைக் கீறிப் பார்த்தாள். பீட்ரூட் நிறத்தில், ஒரே சீராக, உறைந்த சிவப்பு. சுத்தம். வலப்பக்கம் போட்டாள். அடுத்ததைக் கீறினாள். சிவப்புக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். இடப்பக்கம் இருந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் எறிந்தாள். கல் விழுந்த மாதிரிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்ததை இன்னும் ஓங்கி எறிந்தாள். வேலி மேல் இரண்டு மேக்பை பறவைகள் வந்து உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு, அவள் கையையே பார்த்தன.

தொட்டி நிரம்பும் சமயத்தில் எல்டன் வந்தான். கோட்டைப் போட்டிருந்தான், பொத்தான் போடவில்லை. அவள் நிமிரவில்லை.

“வெர்ன் ஃபோன் பண்ணான்.”

கத்தி காகிதத்தைக் கிழித்தது.

“அவன் மேல பழி போட்டது தப்பு.”

“அதுதான் தப்பா?”

அவன் காலை மாற்றி நின்றான். பனி நறநறத்தது. “நீ தட்டைக் கொண்டாந்து வெப்பே. அப்புறம் எதிர்ல உட்கார்ந்து நான் முழுங்கறவரைக்கும் என் மூஞ்சியையே பார்ப்பே. ஒவ்வொரு வாய்க்கும். நான் சாப்பிடறேனா, மருந்து குடிக்கறேனான்னே எனக்குத் தெரியல நோர். வேணாம்னு சொல்லவும் முடியல. நீ அவ்ளோ பாடுபடறே. அதை எப்படிச் சொல்றது?”

“வாயால.”

“சொன்னா கேட்டிருப்பியா?”

அவள் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். “கேட்டிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். நீயும் கத்தியிருக்கலாம். நான் முட்டாள் மாதிரி உட்கார்ந்து எழுதிட்டிருந்தேன் எல்டன். நீ எடுத்து எடுத்துக் குடுத்தே.”

அவன் கோட்டை இழுத்து மூடிக்கொண்டான்.

“மூஞ்சியைப் பார்க்கறேனாம். சமையல்கட்டுத் தரைல நீ கிடந்தப்பவும் உன் மூஞ்சியைத்தான் பார்த்தேன். நீலமா இருந்துச்சு. ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் அதைப் பார்த்துக்கிட்டேதான் உன் நெஞ்சை அமுக்கினேன். என் கைக்கு அடியில உன் விலா எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. உனக்கு வலி மட்டும்தான் ஞாபகம் இருக்கு.” மூச்சு வாங்கியது. “இருபது வருஷமான்னு கேட்டியாமே.”

‘கறியைப் பத்தித்தான் சொன்னேன்’ என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். சொல்லாதபோது அதுவும் தாங்கவில்லை. அவன் மலைப் பக்கம் பார்த்தான். அங்கே ஒன்றும் தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கியிருந்தது. பொடிப்பனி விழ ஆரம்பித்திருந்தது.

“எங்க போகுது இது?” என்று தொட்டியைக் காட்டினான்.

“உங்கண்ணனுக்கு.”

அவன் தலையாட்டினான். குனிந்து தொட்டியின் இரண்டு காதுகளையும் பிடித்தான்.

தூக்காதே. மே மாதத்திலிருந்து அவள் நாக்கு நுனியிலேயே குடியிருக்கும் சொல் அது. விறகை, மளிகைப் பையை, பேரனை, பனி வாரும் மண்வெட்டியை, எதைத் தொட்டாலும் அவன் கை போவதற்கு முன் அது போகும். இப்போதும் வந்தது. பற்கள் வரை வந்தது. அந்தத் தொட்டியின் கனம் அவளுக்குத் தெரியும். அவளாலேயே அதை நகர்த்தத்தான் முடியும். அவன் முழங்கால் மடங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவு இறுக்கமாக மூடியதில் கடைவாய் வலித்தது.

தொட்டி தரையை விட்டு எழுந்தது. அவன் அதை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்து, ட்ரக்கைச் சுற்றிக்கொண்டு நடந்தான். மூச்சு வெள்ளையாக, குட்டை குட்டையாக, அவனுக்கு முன்னால் போனது. அவன் மறைந்த பிறகும் அது கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.

அவள் அடுத்த பொட்டலத்தை எடுத்தாள். மூலையைக் கீறி, காகிதத்தை மடித்து விலக்கினாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சிவப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கொழுப்பா, இப்போது விழுந்த பனியா என்று தெரியவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலை அதன் மேல் வைத்து அழுத்தினாள். உருகினால் பனி. விரலை எடுக்காமல், ட்ரக்குக்குப் பின்னால் நின்றுபோயிருந்த காலடிச் சத்தம் மறுபடி கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு, அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.